இரத்தப் புற்றுநோயும் வெள்ளைப் பாஷாணமும்

1957-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் ஹில்லெஸ்டாட் ஒருவகை இரத்தப் புற்றுநோயைத் தனியே பிரித்துக் காட்டினார். அவ்வினத்துள் இதுவே மிகக் கொடியது என்பது அவர் கருத்து. ஈறுகளில் இரத்தம் கசியும். தோலில் கன்றிய புள்ளிகள் தோன்றும். மூளையில் இரத்தம் பெருகிச் சில வாரங்களிலேயே நோயாளி மாண்டுபோவார்.

எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் வெள்ளணுக்கள் படிப்படியாக முதிர்ந்த பின்னரே தம் தொழிலுக்கு உரியவை ஆகின்றன. இந்நோயிலோ அவை 'புரோமைலோசைட்' என்னும் இளம் பருவத்திலேயே நின்று குவிந்துவிடுகின்றன. அவ்வணுக்களில் 15-ஆம், 17-ஆம் குரோமோசோம்கள் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பதை 1977-இல் சிக்காகோவில் ஜானெட் ரௌலி அம்மையார் கண்டறிந்தார்.

அணுக்களைக் கொல்லாமல் முதிரச் செய்தால் என்ன? ஷாங்காய் மருத்துவர் வாங் சென்யி இவ்வாறு எண்ணினார். 1985-இல், கைவிடப்படும் நிலையிலிருந்த ஐந்து வயதுச் சிறுமிக்கு ஏ வைட்டமினைச் சார்ந்த ரெட்டினாயிக் அமிலத்தை அளித்தார். சிறுமி பிழைத்தாள்.

இதற்கு முன்னரே, 1970-களில், சீனாவின் ஹார்பின் நகரில் ஆர்சனிக் ட்ரையாக்ஸைடு பயன்படுத்தப்பட்டது. இதுவே நாம் வெள்ளைப் பாஷாணம் என்பது. பாஷாணங்களைச் சுத்தி செய்து ஆளும் முறை நம் சித்த மருத்துவத்திலும் உண்டு. ஆயினும் அளவறிந்து, இருதயத் துடிப்பைக் கண்காணித்து, இரத்தக் குழாய்வழி ஏற்றும் மருந்தை நாமாகத் தேடி உண்ணும் பொருளாகக் கருதுதல் உயிருக்கே கேடாகும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1998 முதல் இப்பாஷாணம் ஒன்றைக்கொண்டே சிகிச்சை செய்துபார்த்தனர். செல்வமில்லாத நோயாளிகளுக்கும் எட்டக்கூடிய வழி அவர்களுக்கு வேண்டியிருந்தது. 72 பேருள் நூற்றுக்கு 86 பேர் வீதம் நோய் அடங்கியதை அவர்கள் 2006-இல் வெளியிட்டனர். வெள்ளணுக்கள் மிகுதியாகப் பெருகாத நோயாளிகளுக்கு இரு மருந்துகளையும் சேர்த்தளித்த இத்தாலிய, ஜெர்மானிய மருத்துவர்களோ, ஈராண்டின் முடிவில் நூற்றுக்கு 97 பேர் நோய் மீளாது வாழ்ந்ததை 2013-இல் அறிவித்தனர்.

எனினும் மருத்துவமனையை அடையுமுன்னரும், அடைந்த முதற் சில நாட்களிலும் இரத்தப்போக்கால் இறப்போர் இன்றும் உள்ளனர். ஆதலின் ஐயம் எழுந்தவுடனே, குரோமோசோம் சோதனையின் முடிவுக்குக் காத்திராமல், ரெட்டினாயிக் அமிலத்தைக் கொடுக்கத் தொடங்குகின்றனர். காரணமின்றி ஈறுகளில் இரத்தமும் தோலில் கன்றலும் கண்டால், அன்றைக்கே இரத்தத்தைச் சோதிக்கச் செய்வது நம் பங்கு.