கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



இந்த மேடையில வழக்கமா சேமிப்பு, கடன், தவணை பத்தித்தான் பேசுவோம். இன்னைக்கு என்னை மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளைப் பத்திப் பேசச் சொன்னாங்க. அது பெரிய விஷயம். 2016-ஆம் வருஷம் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை குறைபாடு சொல்லியிருக்கு. எல்லாத்தையும் பேச நேரம் பத்தாது. அதனால ஒண்ணே ஒண்ணை எடுத்துக்கிட்டேன். கூப்பிட்டாத் திரும்பாத, பேச வேண்டிய வயசுல பேசாத பிள்ளைக்கு நாம என்ன செய்யணும்?

நம்ம ஊர்ல அப்படி ஒரு பிள்ளை இருந்தா என்ன சொல்லுவோம்? "அவங்க அப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசினான்" என்போம். "நாக்குல வசம்பு தேய்ச்சு விடு" என்போம். "கோயில்ல மணி கட்டு" என்போம். சாமி கும்பிடுறது அவங்கவங்க நம்பிக்கை, அதை நான் வேண்டாங்கல. ஆனா அதோடயே நின்னுட்டா ரெண்டு வருஷம், மூணு வருஷம் போயிரும். பிள்ளை மொழி பழகுற வயசே அதுதான். போன வயசு திரும்பி வராது.

பேசாத பிள்ளைக்குக் காரணம் ஒண்ணு இல்ல, பல காரணம் இருக்கலாம். காது கேக்காம இருக்கலாம். ஆட்டிசமா இருக்கலாம். அறிவுசார் வளர்ச்சி தாமதமா இருக்கலாம். மூளை முடக்குவாதத்தால வாயும் நாக்கும் சொன்னபடி அசையாம இருக்கலாம். இதுல ரெண்டு சேர்ந்தும் வரலாம். வெளியில இருந்து பாக்குற நமக்கு எல்லாம் ஒண்ணு போலத் தெரியும். அதனாலதான் காது கேக்காத, நல்ல புத்தியுள்ள பிள்ளைக்கு "மந்தம்"னு பேர் வச்சிடுறோம்.

கொஞ்சம் உத்துப் பாத்தா வித்தியாசம் தெரியும். காது கேக்காத பிள்ளை பெரும்பாலும் நம்ம முகத்தையே பாக்கும், கையைக் காட்டிக் கேக்கும், மத்த பிள்ளைங்க ஓடினா அதுவும் ஓடும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள்ல சிலதுக்கு, பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பாது, அடுத்த ரூம்ல பிஸ்கட் பாக்கெட் பிரிச்சா ஓடி வரும். முகம் பாக்குறதும் விரல் நீட்டிக் காட்டுறதும் குறைவா இருக்கும். அறிவுசார் வளர்ச்சி தாமதம்னா, பேச்சு மட்டும் இல்ல, உக்கார்றது, நடக்கிறது, தானா சாப்பிடுறதுன்னு பலதும் பிந்தும். இது நாம கவனிக்கிறதுக்குத்தான். முடிவு சொல்ல வேண்டியது டாக்டர். எந்தப் பிள்ளையா இருந்தாலும் முதல்ல செய்ய வேண்டியது காது பரிசோதனை.

"தட்டைத் தட்டினா திரும்புதே, வெடிச் சத்தத்துக்கு அழுதே" என்பாங்க. அதை நம்பக் கூடாது. தட்டைத் தட்டும்போது நம்ம நிழல் ஆடும், தரை அதிரும், பிள்ளை அதுக்குத் திரும்பும். கொட்டுச் சத்தம் கேக்குற காதுக்கு நாம பேசுறது கேக்காம இருக்கலாம். காது கேக்காத பிள்ளையும் சின்னதுல 'ங்கா' சொல்லும், அப்புறம் குறைஞ்சிரும். ஆறு மாசத்துல சத்தம் வர்ற பக்கம் திரும்பணும். ஒரு வயசு வாக்குல ஒரு வார்த்தையாவது வரணும். ரெண்டு வயசுல "அம்மா வா"ன்னு ரெண்டு வார்த்தை சேரணும். இல்லேன்னா காத்திருக்காதீங்க.

பரிசோதனைக்குப் பிள்ளை பதில் சொல்ல வேண்டியதில்ல. தூங்குற பச்சைப்பிள்ளை காதுல ஒரு சின்னக் கருவியை வச்சுப் பாக்குறாங்க, வலிக்காது. தலையில ஒட்டுப் போட்டுப் பாக்குற 'பெரா' சோதனையும் இருக்கு. பிறந்து 1 மாசத்துக்குள்ள சோதனை, 3 மாசத்துக்குள்ள உறுதி செய்யுறது, 6 மாசத்துக்குள்ள கருவியும் பயிற்சியும் தொடங்குறதுன்னு மருத்துவத்துல ஒரு கணக்கு வச்சிருக்காங்க. பிந்திப் போனாலும் போகாம விடக் கூடாது.

எங்க போறது? அங்கன்வாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பிள்ளைகளைப் பாக்க மருத்துவக் குழு வரும். 2013-ல தொடங்கின தேசிய சிறார் நலத் திட்டம் அது, 18 வயசு வரைக்கும் உண்டு. குழு வர்ற அன்னைக்குப் பிள்ளையை வீட்ல வைக்காதீங்க. அவங்க மாவட்டத்துல இருக்கிற ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பாங்க. காதுக் கருவி போட்டும் பலன் இல்லாத சின்னப் பிள்ளைக்குக் காக்ளியர் அறுவை செய்யலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல 6 வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு அது உண்டு. வெளியில செஞ்சா பல லட்சம். காத்திருந்து வயசு தாண்டினா அந்த வழியும் அடைபட்டுப் போகும்.

இன்னொண்ணையும் சொல்லணும். அறுவை முடிஞ்ச உடனே பிள்ளை பேசிடாது. மாசக்கணக்கா பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போகணும், வீட்லயும் நாள் பூரா பேசணும். பல தாய்மார் பாதியில நிப்பாட்டுறது இங்கதான். பீடி சுத்துற வேலை போகும், கூலி வேலை போகும், மூத்த பிள்ளையைப் பாக்க ஆள் இருக்காது. பாசம் இல்லாம யாரும் நிப்பாட்டுறதில்ல, கை ஒடிஞ்சுதான் நிப்பாட்டுறாங்க.

கருவி எல்லாருக்கும் முழுசாப் பயன்படாது. அந்தப் பிள்ளைக்கும் மொழி வேணும். சைகை மொழி விளையாட்டு இல்ல, இலக்கணம் உள்ள முழு மொழி. "சைகை பழகினா பேச்சு வராது"ன்னு சொல்றது சரியில்ல. நம்ம பாளையங்கோட்டையில ஃபிளாரன்ஸ் சுவைன்சன் அம்மா தொடங்கின காது கேளாதோர் பள்ளி நூறு வருஷத்துக்கும் மேல நடக்குது. பிள்ளை பள்ளியில சைகை படிச்சிட்டு வந்தா, வீட்ல தாயும் தகப்பனும் கூடப்பிறந்ததுகளும் படிக்கணும். சாப்பிடும்போது எல்லாரும் சிரிப்போம், அது "என்ன என்ன"ன்னு கேக்கும், நாம "அப்புறம் சொல்றேன்" என்போம். சொல்லவே மாட்டோம். சொந்த வீட்லயே அசலூர் ஆளா வளர்ற பிள்ளை அது.

வளர்ந்த பிள்ளைகளையும் மறந்துறக் கூடாது. வயசுக்கு வந்த பெண் பிள்ளைக்கு, காது கேக்காட்டியும் புத்தி வளர்ச்சி பிந்தினாலும், மாதவிலக்கு பத்தி, யார் எங்க தொடக் கூடாதுன்னு புரியுற மாதிரி சொல்லிக் கொடுக்கணும். "இது போய் யார்கிட்ட சொல்லப் போகுது"ன்னு நினைக்கிற பாவிக ஊருக்குள்ள உண்டு. போக்சோ சட்டத்துல அந்தப் பிள்ளை சொல்றதைக் கேக்க சைகை தெரிஞ்சவங்களையோ சிறப்பு ஆசிரியரையோ வைக்க வழி இருக்கு. 1098-க்குப் போன் போடலாம். அரசு வேலையில மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம் ஒதுக்கீடு இருக்கு. "என்ன படிச்சு என்ன"ன்னு வீட்ல உக்கார வைக்காதீங்க.

தாயைக் குத்தம் சொல்றதையும் விடுவோம். "கிரகணத்துல வெளிய வந்தா", "இவ பாவம்" என்ற பேச்சு வேண்டாம். கர்ப்பத்துல வர்ற ருபெல்லா, பிறக்கும்போது மூச்சுத் திணறல், கடுமையான மஞ்சக்காமாலை, மூளைக்காய்ச்சல், நெருங்கின சொந்தத்துல கல்யாணம், ஆறாத காதுச் சீழ் எல்லாம் காரணமாகலாம். நாம செய்யக்கூடியதும் இருக்கு. பிள்ளைக்கு 9 மாசம் முடிஞ்சதும் ஒண்ணு, 16 மாசத்துக்கு மேல ரெண்டு வயசுக்குள்ள இன்னொண்ணுன்னு தட்டம்மை ருபெல்லா ஊசியைத் தவறாமப் போடணும். குளிப்பாட்டிக் காதுல எண்ணெய் ஊத்துறதை நிறுத்தணும்.

கடைசியா மூணு கோரிக்கை. ஒண்ணு, ஒவ்வொரு குழுவும் மாசம் ஒரு கூட்டத்துல "நம்ம தெருவுல பேச்சு பிந்தின பிள்ளை இருக்கா"ன்னு கேட்டுத் தீர்மானப் புத்தகத்துல எழுதணும். ரெண்டு, அந்தத் தாயோட முதல் தடவை ஆஸ்பத்திரிக்கு நம்மள்ல ஒருத்தி கூடப் போகணும். சாதாரண டவுன் பஸ்ல நமக்கும் டிக்கெட் இல்ல, மாற்றுத்திறனாளிக்கும் கூடப் போறவங்களுக்கும் டிக்கெட் இல்ல. மூணு, பயிற்சி நடக்கிற மாசங்கள்ல அவளுக்குத் தவணையைத் தள்ளி வைக்கணும், மத்த பிள்ளையை முறை வச்சுப் பாத்துக்கணும்.

ஆட்டுக்குட்டி மேயலேன்னா அன்னைக்கே டாக்டரைத் தேடுறோம். பிள்ளை திரும்பலேன்னா அஞ்சு வருஷம் காத்திருக்கலாமா? யோசிங்க.