கெளுத்தி மீனும் அடுப்புச் சாம்பலும்

உயிருள்ள கெளுத்தி மீனைக் கையால் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க வழுக்கிக்கொண்டு ஓடும். நம் பாட்டிமார் என்ன செய்தார்கள்? அடுப்புச் சாம்பலை அள்ளி அதன்மேல் தூவினார்கள். மீன் கைக்கு அடங்கியது. நம் உடம்புக்குள்ளும் இதுவேதான் நடக்கிறது.

உடம்பிலுள்ள ஒவ்வோர் உயிரணுவின் மேற்புறத்திலும் சர்க்கரைச் சங்கிலிகள் மெல்லிய மயிர்போல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. தேநீரில் போடும் சீனி அன்று. அதற்கு உறவான வேறு சர்க்கரைகள். நம் உயிரணுக்களில் பல சங்கிலிகளின் நுனியில் சியாலிக் அமிலம் என்னும் சர்க்கரை இருக்கும். வெள்ளையணு அதைத் தொட்டதும், 'இது நம் வீட்டுப் பிள்ளை' என்று பெரும்பாலும் விட்டுவிடும். சில கிருமிகள் மேலும் பூஞ்சைகள் மேலும் மானோஸ் என்னும் சர்க்கரை வெளியே தெரியும். அதைப் பற்றுவதற்கென்றே வெள்ளையணுக்கள் சிலவற்றில் கொக்கிகள் உண்டு. பிடித்து விழுங்கிவிடும்.

ஆனால் எல்லாக் கிருமியும் அகப்படுவதில்லை. 1923இல் அமெரிக்காவில் ஹைடல்பெர்கர், ஏவரி என்னும் அறிஞர்கள், நிமோனியாக் கிருமியைப் போர்த்தியுள்ள உறை சர்க்கரையால் ஆனது என்று காட்டினார்கள். அந்த உறைதான் கெளுத்தியின் வழுவழுப்பு. வெள்ளையணுவின் பிடி நழுவிவிடும். குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஹிப் கிருமிக்கும் இத்தகைய உறை உண்டு.

அப்படியானால் சாம்பல் எது? எதிர்ப்பொருள்தான். அது உறையின்மேல் ஒட்டிக்கொள்ளும். வெள்ளையணு அதைப் பற்றிக் கிருமியை விழுங்கும். ஆனால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடம்பு, வெறும் சர்க்கரையைக் கண்டு போதுமான எதிர்ப்பொருளை உண்டாக்காது. தாயிடமிருந்து பெற்றதும் சில மாதங்களில் குறைந்துவிடும். ஆகவே அறிஞர்கள் அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்துடன் பிணைத்துத் தடுப்பூசி செய்தார்கள். புரதம் சேர்ந்ததும் குழந்தையின் உடம்பு விழித்துக்கொள்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வகுப்பில் ஒரு மாணவி முன்வரிசையில் அமர்ந்து என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். கைக்குழந்தையாக இருந்தபோது ஹிப் கிருமியால் வந்த மூளைக்காய்ச்சல் அவள் செவியைப் பறித்துவிட்டது. அவள் பிறந்தபோது இந்த ஊசி நம் நாட்டு அட்டவணையில் இல்லை. 2002இல்தான் சேர்ந்தது.

இன்று குழந்தைக்கு 2, 3, 5ஆம் மாதங்களிலும் 18ஆம் மாதத்திலும் இதைப் போடுகிறார்கள். தாய்மார்களே, ஒரு நாள் கூலி போகிறதே என்றும், ஊசி போட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறதே என்றும் அடுத்த ஊசியை விட்டுவிடாதீர்கள். அந்தக் காய்ச்சல் ஓரிரு நாளில் தணிந்துவிடும். போன செவி திரும்புவதில்லை. இன்றிரவே குழந்தையின் அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.