பாட்டி நேற்று என்ன சாப்பிட்டார்?

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

சரிவிகித உணவு பற்றிப் பேசச் சொன்னார்கள். அந்தப் பாடத்தை நடத்தாத அறிவியல் ஆசிரியர் இங்கே யாரும் இருக்க முடியாது. அதனால் நான் நடத்திய விதத்தில் இருந்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

சோற்றைக் குறை, எண்ணெயைக் குறை, உப்பைக் குறை, இனிப்பை விடு. பல ஆண்டுகளாக வகுப்பில் இதைத்தான் சொல்லி வந்தேன். வீட்டில் 71 வயது அம்மாவுக்கும் இதே பாடம்தான். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. சொன்ன சொல்லைத் தட்டாதவர். ஒன்றரை ஆண்டில் 54 கிலோவிலிருந்து 46 கிலோவுக்கு வந்துவிட்டார். எடையைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் யாரும் சொல்லவில்லை, தானாகக் குறைந்தது. எங்களுக்கோ பெருமை. "இந்த வயசிலும் என்ன கட்டுப்பாடு பாருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மணைப்பலகையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், எழ முடியாமல் என்னைக் கூப்பிட்டார். கைகொடுத்துத் தூக்கினேன். கை இவ்வளவு லேசாகிவிட்டதே என்று அப்போதுதான் உறைத்தது. தண்ணீர்க் குடத்தை அவர் தொடுவதை நிறுத்தி மாதக்கணக்காகி இருந்தது. அதையும் நான் கவனிக்கவில்லை.

மருத்துவர்கள் இந்த நிலையை ஃப்ரெயில்டி என்கிறார்கள். நலிவு என்று வைத்துக்கொள்வோம். 2001இல் லிண்டா ஃப்ரைடு என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் இதற்கு ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள். வேண்டுமென்று செய்யாமலே எடை குறைவது, எப்போதும் சோர்வு, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. மூன்று இருந்தால் நலிவு. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தைய படி. அந்தப் படியில் இருப்பவரைப் பெரும்பாலும் மீட்க முடியும். அம்மாவுக்கு எண்ணிப் பார்த்தேன்: நான்கு.

'வயசானா அப்படித்தான்' என்று நாம் விட்டுவிடுவது இதைத்தான். வயதாவதும் நலிவதும் ஒன்றல்ல. எண்பதிலும் வரப்பில் நடக்கிறவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

நலிவின் அடியில் பெரும்பாலும் இருப்பது தசை இழப்பு. சார்கோபீனியா என்பார்கள்; கிரேக்க மொழியில் தசை வறுமை என்று பொருள். முதியவரின் உடல், உண்ட புரதத்தைத் தசையாக்குவதில் மந்தமாகிவிடுகிறது. ஆகவே இளையவரை விட அவருக்குப் புரதம் கூடுதலாகத் தேவை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு, ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம். முதியோருக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பது முதியோர் நல வல்லுநர்கள் பலரின் கருத்து. அம்மாவுக்கு அப்படியென்றால் நாளொன்றுக்கு 46 கிராமாவது வேண்டும். காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசஞ்சோறு, இரவு கஞ்சி, இரண்டு வேளை காபி. கூட்டிப் பார்த்தேன், 25 கிராமைத் தாண்டவில்லை.

ஏன் அவ்வளவுதான் சாப்பிட்டார்? கடைவாய்ப் பல் இல்லை. கடலையும் கறியும் நின்றுபோயின. உப்பைக் குறைத்த குழம்பில் ருசி இல்லை, பாதியோடு எழுந்துவிடுவார். சர்க்கரைக்குப் பயந்து சோறு குறைந்தது. குறைந்த சோற்றின் இடத்தில் பருப்போ முட்டையோ வரவில்லை. குறைக்கச் சொன்ன நான், எதைக் கூட்டுவது என்று சொல்லவே இல்லை.

பொது அறிவுரை தவறு என்று நான் சொல்லவில்லை. அது பெரும்பாலும் நடுவயதுக்காரரின் தொப்பையை மனத்தில் வைத்துச் சொல்லப்படுகிறது. 2024இல் அந்த நிறுவனம் வெளியிட்ட 17 வழிகாட்டுதல்களில் ஒன்று முதியோருக்கென்றே இருக்கிறது. சத்துச் செறிந்த உணவை அவர்களுக்குச் சேர்த்துக் கொடுங்கள் என்கிறது. ஆனால் மக்கள் காதில் நிற்பது உப்பும் எண்ணெயும்தான்.

அதன்பின் வகுப்பில் ஒரு செயல்பாடு கொடுத்தேன். 'உங்கள் வீட்டுப் பெரியவர் நேற்று என்ன சாப்பிட்டார்? பார்த்து எழுதி வாருங்கள்.' ஒரு மாணவனின் ஏட்டில் மூன்று வேளைக்கும் கஞ்சி, நடுவே வறுக்கி. முட்டை வாங்குவதில்லையா என்று கேட்டேன். "வாங்குவாங்க டீச்சர். ஆயா அதை எனக்கே வெச்சிடும்" என்றான். அவனுக்குச் சத்துணவில் பள்ளியிலும் முட்டை கிடைக்கிறது.

செலவு பற்றிக் கேட்பீர்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். ஒரு தம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே. 50 கிராம் கொண்டைக்கடலையில் 10 கிராம் அளவுக்கு உண்டு. பல் இல்லாதவருக்கு அதைக் குழைய வேகவைத்து மசிக்கலாம்; பொட்டுக்கடலையைப் பொடித்துக் கஞ்சியில் கலக்கலாம். ஒரே வேளையில் திணிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுப்பது நல்லது. ஒரு எச்சரிக்கை: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

உணவு மட்டும் போதாது. தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். 'நீ உட்காரும்மா, நான் பார்த்துக்கிறேன்' என்று நாம் அன்பாகச் சொல்வதும் பெரியவர்களை முடக்குகிறது. நாற்காலியில் கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள்; பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், நாற்காலி சுவரை ஒட்டி இருக்க வேண்டும். 15 விநாடிக்கு மேல் ஆனால் காலில் வலு குறைந்திருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டுவலிக்காரருக்கும் அண்மையில் விழுந்தவருக்கும் இந்தச் சோதனை வேண்டாம்.

அம்மாவுக்கு முதல் முறை 22 விநாடி ஆனது. மருத்துவர் மாத்திரையை மாற்றினார். நான் தட்டை மாற்றினேன். காலையில் முட்டை, மாலையில் மசித்த சுண்டல், தினமும் இரண்டு தடவை நாற்காலிப் பயிற்சி. எட்டு மாதத்தில் இரண்டு கிலோ ஏறியிருக்கிறார். போன வாரம் 16 விநாடி. அரைக் குடம் தண்ணீர் தூக்குகிறார். வேண்டாமென்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொள்கிறேன்.

அந்தச் செயல்பாட்டுத் தாளின் நகல் மேசையில் இருக்கிறது. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி வரியில் 'பெரியவர் யாருடன் உட்கார்ந்து சாப்பிட்டார்?' என்ற கேள்வியைப் பிள்ளைகள்தான் சேர்த்தார்கள். அதை அடித்துவிடாமல் கொடுங்கள்.