தேய்ந்த செம்பு



பொன்னும் வெள்ளியும் கருவூலத்தில் உறங்கும். செம்போ எளியவர் மடியில் உழலும். அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1793இல் பிலடெல்பியா நாணயச் சாலையில் அச்சிட்ட ஒரு சென்ட் செப்புக்காசு அத்தகையது. அதன் ஒரு புறம் கூந்தல் அவிழ்ந்த சுதந்திர நங்கை. மறுபுறம் 15 மாநிலங்களைக் குறிக்கும் 15 கண்ணிகள் கொண்ட சங்கிலி. செதுக்கியவர் கருதியது ஒற்றுமை. மக்கள் கண்டதோ விலங்கு. விடுதலைக்கு இது தீய நிமித்தம் என்று இதழ்கள் எழுதின. விரைவிலேயே சங்கிலி நீங்கி இலைவளையம் ஏறிற்று. அடிமைகளின் காலில் கிடந்த சங்கிலி சட்டப்படி முற்றும் நீங்க 1865 ஆயிற்று. படிமம் ஆளும் கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.

அக்கால அச்சுகள் கையால் செதுக்கப்பட்டவை. ஆகவே ஒன்றுபோல் மற்றொன்று இராது. ஓர் அச்சில் நாட்டின் பெயரே 'அமெரி' என்று குறுகி நிற்கும். வேறொன்றில் கூந்தற்சுருள் மாறும். பிறிதொன்றில் ஆண்டின் இலக்கங்கள் விலகும். ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் காணும் பதிப்பாசிரியரைப் போலவே சேகரிப்போரும் இவற்றைத் தேடித் தொகுத்தனர்.

1857இல் இப்பெருங்காசு நிறுத்தப்பட்டது. கையில் புழங்கியவரை போற்றாதவர்கள், மறையத் தொடங்கியதும் தேடினர். மறுஆண்டே நியூயார்க்கில் அமெரிக்க நாணயவியல் கழகம் தோன்றிற்று.

இத்துறைக்கு அளவுகோல் வகுத்தவர் உளவியல் அறிஞர் வில்லியம் ஷெல்டன். 1949இல் வெளிவந்த தம் நூலில், உருத்தெரியாது தேய்ந்த காசுக்கு 1, தேயாத காசுக்கு 70 எனத் தரம் வகுத்தார். இன்றும் நாணயத்தின் தரம் அவ்வெண்களால் சுட்டப்படுகிறது. அவர் 1977இல் மறைந்தார். அதன்பின் ஓர் உண்மை வெளிப்பட்டது. அந்த நாணயவியல் கழகத்தின் தொகுப்பிலிருந்த உயர்ந்த காசுகளை எடுத்துக்கொண்டு, தாழ்ந்தவற்றை அவர் அவ்விடத்தில் வைத்திருந்தார். காசின் தேய்மானத்தை நுட்பமாக அளந்தவர், தம் நேர்மையின் தேய்மானத்தை அளக்கவில்லை.

அன்பர்களே, சேகரிப்பு என்பது காதலே. உடைமை வெறி ஏறினால் அது களவாகும். மேலும் ஒன்று. 70 பெற்ற காசு எவர் பசியையும் தீர்த்ததில்லை. ரொட்டிக்கும் மெழுகுவத்திக்கும் கைமாறி, முகம் அழிந்து, 1 பெற்ற காசே தன் கடமையைச் செய்தது. சொற்களைச் சேர்த்துவைக்கும் நமக்கு, அவற்றைப் புழங்கவிடும் துணிவும் வேண்டும். பத்தாண்டு கண்ட வட்டம் பல்லாண்டு வாழ்க!