குறி தவறாத துப்பாக்கியும் குறி தவறும் கதையும்



தென்காசியைச் சுற்றியுள்ள குளங்களிலும் வயல்களிலும் மழைநீர் தேங்கி நிற்கும் மாதங்களில் உள்ளான் என்னும் சிறு பறவை வந்து தங்கும். அதற்கு நீண்ட அலகு. சேற்றின் நிறத்தோடு ஒன்றிப்போகும் உடல். காலடி ஓசை கேட்டதும் விர்ரென்று எழுந்து, இப்புறமும் அப்புறமுமாக வளைந்து வளைந்து பறந்துவிடும். அதனைச் சுட்டு வீழ்த்துதல் எளிதன்று. இப்பறவைக்கு ஆங்கிலத்தில் 'ஸ்னைப்' என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த ஆங்கிலப் படை அதிகாரிகளுக்கு உள்ளான் வேட்டை ஒரு பொழுதுபோக்கு. அவ்வேட்டையைக் குறித்த சொல்லே பிற்காலத்தில் போர்க்களத்திற்குச் சென்றது. மறைந்திருந்து, தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடும் வீரனுக்கு 'ஸ்னைப்பர்' என்னும் பெயரைத் தந்தது.

இத்தகைய வீரர்களைப் பற்றி உலகெங்கும் கதைகள் வழங்குகின்றன. அக்கதைகளில் எது வரலாறு, எது கற்பனை என்று பிரித்தறிவது எங்ஙனம்? அதனையே இன்று உங்களோடு ஆராய விரும்புகிறேன்.

இவ்வீரர்களைச் சுற்றிக் கதை வளர்வதற்குத் தக்க காரணம் உண்டு. படையாகத் திரண்டு சென்று போரிடுவோர்க்கு ஆயிரம் சாட்சிகள் இருப்பர். மறைந்திருந்து சுடுபவனோ தனியாகவோ, ஒரே ஒரு துணைவனோடோ செல்கிறான். அவன் செயலைக் கண்டவர் மிகச் சிலர். குண்டுபட்டவன் திரும்பி வந்து சான்று கூறப் போவதில்லை. எத்தனை பேர் வீழ்ந்தனர் என்று கணக்கெழுதுவதும் அவ்வீரனுடைய படையே. போர்க்காலத்தில் ஒவ்வொரு படைக்கும் மக்களுக்கு ஊக்கமூட்ட ஒரு வீரத் திருவுரு வேண்டியிருக்கிறது. சாட்சி குறைந்து, தேவை மிகுந்த இடத்தில் கற்பனை எளிதில் குடிபுகும் அன்றோ?

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். 1942ஆம் ஆண்டு, ஸ்டாலின்கிராட் நகரில் ஜெர்மானியப் படைக்கும் சோவியத் படைக்கும் கடும்போர் நிகழ்ந்தது. அங்கே போரிட்ட வாசிலி ஜைத்ஸெவ் என்னும் சோவியத் வீரர், நவம்பர் 10ஆம் நாளுக்கும் டிசம்பர் 17ஆம் நாளுக்கும் இடையில் 225 பேரைச் சுட்டு வீழ்த்தினார் என்பது சோவியத் கணக்கு. அவர் அங்கே போரிட்டதும், 1943ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'சோவியத் நாட்டின் வீரர்' என்னும் உயரிய விருதைப் பெற்றதும் ஐயத்திற்கு இடமில்லாதவை. ஆயின், மக்கள் விரும்பிக் கேட்பது வேறொரு கதை. அவரைக் கொல்வதற்கென்றே பெர்லினிலிருந்து பெருந்திறன் படைத்த ஓர் அதிகாரி வந்தாராம். இருவரும் இடிபாடுகளுக்கிடையே நாட்கணக்கில் ஒருவரையொருவர் தேடினராம். முடிவில் ஜைத்ஸெவ் வென்றாராம். 2001ஆம் ஆண்டில் இக்கதை திரைப்படமாகவும் வந்தது.

அந்த அதிகாரியின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். மேஜர் கோனிக் என்பர் சிலர். தோர்வால்ட் என்பர் வேறு சிலர். ஜெர்மானியப் படை ஏடுகளை ஆராய்ந்தவர்கள் அப்படி ஒருவரைக் கண்டிலர். மாஸ்கோ அருங்காட்சியகத்தில் அவருடைய துப்பாக்கியைச் சேர்ந்ததென ஒரு தொலைநோக்கிக் கண்ணாடி வைக்கப்பட்டுள்ளது. கண்ணாடி உண்மையானதே. ஆனால், அது யாருடையது என்று கண்ணாடி சொல்லாது. அதன்மேல் ஒட்டிய சீட்டன்றோ சொல்கிறது? பொருள் இருப்பதனால் மட்டும் கதை மெய்யாகிவிடாது.

ஆகவே, இத்தகைய கதை எதனைக் கேட்டாலும் நான்கு வினாக்களை எழுப்புதல் நன்று. நேரிற் கண்டவர் யார்? அது எப்பொழுது எழுதப்பட்டது? எதிர்த் தரப்பின் ஏட்டில் அதற்குச் சான்று உண்டா? அக்கதையால் பயன்பெறுவோர் யார்?

இந்நான்கு வினாக்களையும் எடுத்துக்கொண்டு நம் ஊருக்கே வருவோம். குற்றாலத்தில் சாரல் பொழியும் ஆனி மாதத்தில், அருவியாடி வந்து ஈரத்துணி உலரும்வரை பேசிக்கொண்டிருப்போரிடையே ஒரு கதை தவறாமல் எழும். செங்கோட்டை அருகில்தானே இருக்கிறது? ஆதலின் வாஞ்சிநாதன் கதை வந்துவிடும். அவர் படைவீரர் அல்லர். அது போர்க்களமும் அன்று. எனினும், தனி ஒருவர், ஒரு துப்பாக்கி, ஒரு பகைவர் என்னும் அமைப்பு இங்கும் உள்ளது. அதனால் அதே வகைக் கற்பனைகள் இங்கும் படர்ந்துள்ளன. ஓடும் வண்டியில் இருந்தவரை நெடுந்தொலைவிலிருந்து ஒரே குண்டில் வீழ்த்தினார் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நடந்தது யாது? 1911ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17ஆம் நாள் காலை. திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ், கொடைக்கானலில் இருந்த தம் குழந்தைகளைக் காண மனைவியோடு புறப்பட்டார். மணியாச்சி நிலையத்தில் அவருடைய வண்டி நின்றுகொண்டிருந்தது. இருபத்தைந்து வயதினரான வாஞ்சி, முதல் வகுப்புப் பெட்டியில் இருந்த அவரை நெருங்கி வந்து, கைத்துப்பாக்கியாற் சுட்டார். பின்னர் நடைமேடையில் ஓடி, கழிப்பறைக்குட் புகுந்து, தம்மையே சுட்டுக்கொண்டு இறந்தார். கையில் இருந்தது பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி; அது நெடுந்தொலைவுக்கு உரிய கருவியன்று. அங்கே வேண்டியிருந்தது கூரிய குறியன்று. திரும்பி வர வழியில்லை என்று அறிந்தும் அருகே செல்லும் துணிவு. தொலைவைக் கூட்டிச் சொல்பவர், வீரத்தைக் கூட்டுவதாக எண்ணிக்கொண்டு அதனைக் குறைத்துவிடுகிறார்!

அடுத்து, காரணத்தைப் பற்றிய கதை. வ.உ.சிதம்பரம் பிள்ளைக்குக் கொடுந்தண்டனை விதித்தவர் ஆஷ் என்றே பலர் எண்ணுகின்றனர். 1908ஆம் ஆண்டு ஜூலையில் அத்தண்டனையை விதித்தவர் நீதிபதி பின்ஹே. அவ்வாண்டு மார்ச்சில் திருநெல்வேலியில் கலகம் நிகழ்ந்தபோது மாவட்டக் கலெக்டராக இருந்தவர் விஞ்ச். ஆஷ் அப்பொழுது தூத்துக்குடியில் துணைக் கலெக்டர். சுதேசிக் கப்பல் கம்பெனியையும் தூத்துக்குடித் தொழிலாளர் கிளர்ச்சியையும் எதிர்த்து நின்ற அதிகாரிகளுள் அவர் ஒருவர். மக்கள் சினம் அவர்மேல் திரும்பியதற்கு அது காரணம் ஆயிற்று. ஆனால், மூவர் செய்தவற்றை ஒருவர்மேல் ஏற்றுவது கதையின் வழக்கம். கதைக்கு ஒரே பகைவன் இருந்தாற் போதும். வரலாற்றுக்கு மூவரையும் தனித்தனியே நிறுத்தியாக வேண்டும்.

மூன்றாவது, கடிதம். இறந்த வாஞ்சியின் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இந்தியாவில் கால் வைத்தவுடன் அவரைக் கொல்ல 3000 பேர் உறுதி பூண்டிருப்பதாக அதிற் கண்டிருந்தது. கடிதம் இருந்தது மெய். அது அன்றே கைப்பற்றப்பட்டது. கடிதத்தில் உள்ளது மெய்யா? மன்னர் அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் நாள் பம்பாயில் வந்திறங்கினார். 12ஆம் நாள் டில்லியில் தர்பார் நடத்தினார். நலமே திரும்பிச் சென்றார். திருநெல்வேலிச் சதி வழக்கில் கூண்டில் நிறுத்தப்பட்டவர்கள் 14 பேர். 3000 எங்கே, 14 எங்கே? பெரிய எண், எழுதியவருக்கு வலிமையைத் தரும். அதனைப் படித்து அஞ்சும் அரசுக்கு அடக்குமுறைக்கு ஒரு காரணத்தைத் தரும். இரு தரப்புக்கும் உதவுகின்ற எண்ணை மும்மடங்கு ஐயத்தோடு நோக்குதல் வேண்டும்.

அவ்வழக்கின் ஏடுகளையும் அப்படியே நம்பிவிடுதல் கூடாது. குற்றஞ்சாட்டப்பட்டோருள் சிலர் அப்ரூவராக மாறிச் சாட்சி சொன்னார்கள். தம்மைக் காத்துக்கொள்ளப் பேசுபவரின் சொல் அது. உயர்நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்ட நீதிபதிகளுள் சங்கரன் நாயர் மற்றவர்களோடு உடன்படாமல் தனிக் கருத்து எழுதினார். ஒரே சாட்சியத்தைக் கேட்ட கற்றறிந்தவர்களே வேறுபட்டனர் எனின், திண்ணைப் பேச்சில் நாம் ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்லிவிடலாமா?

இன்னும் ஒன்று உண்டு. அதுவே எல்லாவற்றினும் கடினமானது. அக்கடிதம் அந்நியர் நம் நாட்டைக் கவர்ந்ததைக் கண்டிக்கிறது. அதனோடு, சமயத்தின் பெயரால் பேசுகிறது. மன்னரை இகழ்வதற்குச் சாதிப் பெயர் ஒன்றை வசைச்சொல்லாகக் கையாள்கிறது. வாஞ்சியைப் போற்றுவோர் பலர் இரண்டாம் பகுதியைச் சொல்வதில்லை. அவரைப் பழிப்போர் சிலர் முதற் பகுதியைச் சொல்வதில்லை. இரு சாராரும் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்கின்றனர். பொய்யைச் சேர்ப்பதனால் மட்டுமன்று, மெய்யிற் பாதியை நீக்குவதனாலும் கற்பனை உருவாகிறது. உயிரைக் கொடுக்கத் துணிந்த ஒருவர், தம் காலத்துச் சாதி எண்ணத்தைக் கடக்காதவராகவும் இருந்தார். இவை இரண்டும் ஒரே மனிதரிடத்தில் இருந்தன. அங்ஙனமே, சுடப்பட்டவர் ஓர் அந்நிய ஆட்சியின் கையாகவும், குழந்தைகளைக் காணப் புறப்பட்ட தந்தையாகவும் இருந்தார். இவற்றுள் எதனையும் மறைக்க நமக்கு உரிமை இல்லை.

செங்கோட்டையில் ஒருவருக்குச் சிலை நிற்கிறது. தூத்துக்குடியில் மற்றவருக்கு நினைவு மண்டபம் நிற்கிறது. கல்லிலே முழுக் கதையையும் எழுத இடம் இராது. அது ஏட்டிலே இருக்கிறது. எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்திலும், பழைய செய்தித்தாள்களிலும், நீதிமன்றத் தீர்ப்புகளிலும் இருக்கிறது. அவற்றைத் தேடிப் படிப்பது நாட்டுப்பற்றுக்குக் குறைவு என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் ஊரிலும் ஒரு போர்க் கதை இருக்கும். இரண்டாம் உலகப் போருக்குச் சென்று மீண்ட பாட்டனாரைப் பற்றியதாகவும் இருக்கலாம். பாளையக்காரர் காலத்துக் கோட்டையைப் பற்றியதாகவும் இருக்கலாம். அடுத்த விடுமுறையில் அதனைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், எந்த ஆண்டில் கேட்டார் என்பவற்றையும் பக்கத்திலேயே குறியுங்கள். அதே கதையை வேறு இருவரிடம் கேளுங்கள். மூவரும் ஒத்துச் சொல்வது எது, ஒவ்வொருவரும் கூட்டுவது எது என்று கோடிட்டுப் பாருங்கள். கூட்டிச் சொன்னதை அடித்துவிட வேண்டா. அதுவும் அம்மக்கள் எதனை விரும்பினர், எதற்கு அஞ்சினர் என்பதைக் காட்டும். ஆனால், அதனை வரலாறு என்னும் பக்கத்தில் எழுதாமல், எதிர்ப்பக்கத்தில் எழுதி வையுங்கள்.