வெளியாள் என்பவன் யார்?

(ஞாயிறு மாலை வாசகர் வட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



'நவீன இலக்கியத்தில் அந்நியர்கள்' என்று தட்டியில் எழுதி வைத்துவிட்டார்கள். பத்தாவதோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வேயில் பேரேடு புரட்டிக்கொண்டிருக்கும் நமக்கு இந்தத் தலைப்பு அளவு பெரிய சட்டைதான். இருந்தாலும் ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறோம்.

இரண்டு மாதத்துக்கு முன்பு நம் சங்கத்துப் படிப்பகத்துக்கு வரும் ஒரு தம்பி, ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். தகப்பனார் சைக்கிளில் இட்லி அண்டா கட்டி விற்றுப் பிள்ளையைக் கல்லூரி வரை கொண்டுவந்தவர். தம்பி கையில் இருந்தது, ஆல்பெர் காம்யு எழுதி வெ. ஸ்ரீராம் நேரே பிரெஞ்சிலிருந்து தமிழாக்கிய 'அந்நியன்'. "அண்ணே, இதுல வர்றவன் நான்தான். எனக்கு எதுவும் ஒட்டல. வீடும் ஒட்டல, ஊரும் ஒட்டல, உங்க சங்கமும் ஒட்டல" என்றார். அதற்குப் பிறகு கல்லூரிக்குப் போவதையும் நிறுத்திவிட்டதாக அவருடைய அம்மா வந்து அழுதார்கள். அன்றைக்கு நம்மிடம் பதில் இல்லை. அதனால்தான் நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து இந்தப் புத்தகத்தையும், இதோடு வைத்துப் பார்க்கத்தக்க வேறு இரண்டு புத்தகங்களையும் இரவு நேரங்களில் படித்தோம்.

முதலில் அந்தத் தம்பியின் ஆள். பெயர் மெர்சோ. 1942இல் வெளிவந்த நாவல். இடம் அல்ஜீரியாவின் தலைநகரம் அல்ஜியர்ஸ். 1830 முதல் பிரெஞ்சுக்காரன் பிடித்து வைத்திருந்த நாடு அது. மெர்சோ ஒரு அலுவலகத்தில் நம்மைப்போல் குமாஸ்தா. தாயார் 80 கிலோமீட்டர் தள்ளி மரெங்கோ என்ற ஊரில் முதியோர் இல்லத்தில் இறந்துபோகிறார். இரண்டு நாள் விடுப்புக் கேட்கிறான். முதலாளி முகத்தைச் சுளிக்கிறான். தாயார் செத்ததற்குத் தன்மேல் குற்றமில்லை என்று சமாதானம் சொல்ல வேண்டியிருக்கிறது! இந்த இடத்தைப் படித்தபோது எங்களில் ஒருவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். தந்தி இருந்த காலத்தில், அதாவது 2013க்கு முன்பு, தகப்பனார் காலமான தந்தியை நீட்டி விடுப்புக் கேட்டவர் அவர். 'காரியத்துக்குள் போய்ச் சேர முடியாதே, பிறகு எதற்கு லீவு' என்று ஒரு மேலதிகாரி கணக்குப் பேசினாராம். மூன்று நாள் ரயில் பயணத்தைக் கணக்குப் போட்டே நம் துக்கத்தை அளப்பார்கள்.

மெர்சோ தாயாரின் சவப்பெட்டி அருகில் காப்பி குடிக்கிறான், சிகரெட் பிடிக்கிறான், அழவில்லை. மறுநாள் ஒரு பெண்ணோடு சிரிப்புப் படம் பார்க்கிறான். பின்னொரு நாள் கொளுத்தும் வெயிலில் கடற்கரையில் ஒரு அரபு மனிதனைச் சுடுகிறான். ஒரு குண்டு, கொஞ்சம் நிறுத்தி, மேலும் நான்கு குண்டு. வழக்கு நடக்கிறது. அரசு வக்கீல் பேசுவது கொலையைப் பற்றி அல்ல, தாயார் சவத்தருகே குடித்த காப்பியைப் பற்றி. அழாதவன் மனிதனில்லை என்று தலையை வெட்டச் சொல்லித் தீர்ப்பு. ஊர் எதிர்பார்க்கும் பொய்யை அவன் சொல்ல மறுக்கிறான், அதற்காகச் சாகிறான். இதை வீரம் என்று பல பெரியவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதில் உண்மையும் உண்டு. பொய்க்கண்ணீருக்கு மறுப்பது சின்ன விஷயமல்ல.

ஆனால் தோழர்களே, அந்தக் கடற்கரைக்குக் கொஞ்சம் திரும்பிப் போவோம். செத்துக் கிடப்பவன் யார்? புத்தகம் முழுக்கத் தேடினோம். பெயர் இல்லை! 'அரபு' என்பதோடு சரி. மெர்சோவின் பக்கத்து வீட்டுக்காரன் தன் தொடர்பில் இருந்த பெண்ணை அடித்துத் துன்புறுத்துகிறான். அவளுடைய சகோதரன்தான் இவன். அவனுக்கு ஒரு தாயார் இருந்திருப்பார். அவர் அழுதாரா என்று அந்த நீதிமன்றத்தில் யாரும் கேட்கவில்லை. சொந்த மண்ணில் பெயர் இல்லாமல் செத்தவன் அவன். ஆளும் இனத்தில் பிறந்து, சம்பளமும் அறையும் உள்ளவனுக்கு 'அந்நியன்' என்று பட்டம். அல்ஜீரியா விடுதலை பெற்றது 1962இல். அதற்கும் 51 ஆண்டுகள் கழித்து, 2013இல், கமேல் தாவூத் என்ற அல்ஜீரிய எழுத்தாளர் செத்தவனின் தம்பி வாயால் ஒரு நாவல் எழுதினார். அதில் செத்தவனுக்கு மூசா என்று பெயர் கிடைக்கிறது. முதல் புத்தகம் வந்து 71 ஆண்டுகள் ஆகியிருந்தன!

காம்யுவைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. அவர் பணக்கார வீட்டுப் பிள்ளை அல்ல. தகப்பனார் 1914இல் போரில் இறந்தார். தாயார் வீட்டு வேலை செய்து பிள்ளைகளைக் காப்பாற்றினார். ஏழைத் தாயின் பிள்ளைக்கே பக்கத்துத் தெருக்காரனின் பெயர் தெரியாமல் போகிறது பாருங்கள். நாமும்தான். நம் சந்தில் பீகார்க்காரர்கள் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள்? எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்? 'பையா' என்ற ஒரே பெயரில் எல்லாரையும் அடக்கிவிடுகிறோம், நம்மை 'மதராசி' என்று அடக்கியதுபோல.

அடுத்த ஆளைப் பற்றிப் பேச நமக்கு ஆசை அதிகம். அவன் ரயிலைத் தவறவிட்டவன்.

பெயர் கிரகோர் சம்சா. எழுதியவர் ஃபிரான்ஸ் காஃப்கா. 1915இல் அச்சான கதை. கிரகோர் ஊர் ஊராகப் போய்த் துணி விற்கும் கம்பெனி ஆள். ஐந்து மணி வண்டியைப் பிடிக்க வேண்டும். நான்கு மணிக்கு அலாரம் வைத்துப் படுத்தவன், விழிக்கும்போது மணி ஆறரை. உடம்பு பெரிய பூச்சியாக மாறிக் கிடக்கிறது. அந்த நேரத்திலும் அவனுக்கு என்ன கவலை தெரியுமா? உடம்பு இப்படி ஆனதே என்பதல்ல. ஏழு மணி வண்டியையாவது பிடிக்க முடியுமா என்பது! சிரிக்கிறீர்கள். முதல் தடவை நாங்களும் சிரித்தோம். நூற்று மூன்று டிகிரி காய்ச்சலோடு லோக்கல் வண்டியில் தொங்கிக்கொண்டு போனவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?

ஐந்து வருடத்தில் ஒரு நாள் கூட நோய் என்று படுக்காதவன் அவன். ஒரு காலை வரவில்லை என்றதும் கம்பெனியின் தலைமை குமாஸ்தா வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். பெற்றோர் பட்ட கடனுக்காக அதே முதலாளியிடம் உழைக்கிறான். இன்னும் ஐந்தாறு வருடம் உழைத்தால்தான் கடன் தீரும். தங்கை கிரேட்டாவை வயலின் படிக்க வைக்க ஆசை. அவன் சம்பளத்தில் வீடே உட்கார்ந்து சாப்பிடுகிறது. சம்பளம் நின்ற பிறகுதான் தெரிகிறது, தகப்பனார் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்திருந்தார் என்று. மகனிடம் அதை அவர் சொன்னதே இல்லை. பிறகு தகப்பனார் ஆப்பிளை எறிகிறார். அது முதுகில் புதைந்து அங்கேயே அழுகுகிறது. தங்கைதான் முதலில் சோறு வைத்தவள். இதை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று முதலில் சொல்பவளும் அவளே. அவன் மெலிந்து செத்துப்போகிறான். வேலைக்காரி அப்புறப்படுத்துகிறாள். அன்று குடும்பத்தார் மூவரும் தங்கள் தங்கள் முதலாளிகளுக்கு மூன்று விடுப்புக் கடிதம் எழுதி வைத்துவிட்டு டிராம் ஏறி ஊருக்கு வெளியே காற்று வாங்கப் போகிறார்கள். வெயில் இதமாக இருக்கிறது.

இங்கே தாய்மார்கள் சிலர் படிப்பின்போது சண்டைக்கு வந்தார்கள். குடும்பம் அவ்வளவு கல்நெஞ்சமா என்று கேட்டார்கள். நாம் சொன்னோம், காஃப்கா யாரையும் வில்லனாக எழுதவில்லை. அந்தத் தாயார் கண் நோகத் தைக்கிறார். தகப்பனார் வங்கிச் சேவகனாகச் சீருடை மாட்டுகிறார். தங்கை கடையில் விற்பனைக்கு நிற்கிறாள். களைத்துப்போன வீடு அது. நம் சங்கத்தில் ஒரு தோழர் இருந்தார். இருபது வருடம் ஊருக்கு மணியார்டர் அனுப்பினார்; அவர் பணத்தில் கூரை வீடு ஓட்டு வீடானது. ஒரு பட்டறையில் வலது கை போனது. ஊருக்குப் போனார். ஏழு மாதத்தில் திரும்பி வந்து நம் படிப்பகத்துத் திண்ணையில் படுத்துக்கொண்டார். "அங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. நான் உக்கார ஒரு இடம் இல்ல" என்றார். யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

காஃப்காவுக்கு இந்தக் கை போன விஷயம் நன்றாகத் தெரியும் என்பது நமக்குப் புதிய செய்தியாக இருந்தது. 1908 முதல் 1922 வரை பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தில் அவர் வேலை பார்த்தார். மரம் இழைக்கும் இயந்திரங்களில் விரல்கள் போவது ஏன் என்று ஆராய்ந்து, சதுரத் தண்டுக்குப் பதில் உருளைத் தண்டு பொருத்தினால் விரல் தப்பும் என்று படம் போட்டு அறிக்கை எழுதியவர். செக் மொழி பேசும் நகரத்தில் ஜெர்மன் பேசும் யூதர். பகலில் வெட்டுப்பட்ட விரல்களின் கணக்கு, இரவில் இந்தக் கதைகள். 1924இல் காசநோயில் இறந்தார். அவருடைய மூன்று தங்கைகளையும் பின்னாளில் நாஜிகள் கொன்றார்கள்.

மூன்றாவது புத்தகத்தின் பெயரே நமக்கு ஊசி. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் 1940இல் எழுதிய 'நேட்டிவ் சன்'. தமிழில் சொன்னால், மண்ணின் மைந்தன்! இந்த நகரத்தில் 1966இல் சிவசேனை தொடங்கிய பிறகு அந்தச் சொல் எந்தத் திசையிலிருந்து நம்மை நோக்கி வந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். ரைட் அதைத் தலைகீழாகப் பிடிக்கிறார். பிக்கர் தாமஸ், வயது இருபது, அமெரிக்காவிலேயே பிறந்தவன். சொந்த மண்ணே அவனை அடைத்து வைத்திருக்கிறது என்கிறார்.

ரைட் பிறந்தது 1908இல், மிசிசிப்பியில். பள்ளிப் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு சரி. (நமக்கு ஒரு வகுப்பு கூடுதல்!) 1927இல் பிழைப்புத் தேடி வடக்கே சிகாகோவுக்கு வந்தார், தபால் ஆபீசில் வேலை பார்த்தார். அந்த நூற்றாண்டில் அப்படித் தெற்கிலிருந்து கிளம்பிய கறுப்பர்கள் ஏறத்தாழ 60 லட்சம் பேர். பலர் வந்து இறங்கியது ரயிலில்தான்.

பிக்கரின் குடும்பம் நான்கு பேர், ஒரே அறை. காலையில் எழுந்ததும் ஒரு பெருச்சாளியை அடித்துக் கொல்வதிலிருந்து நாவல் தொடங்குகிறது. வானத்தில் விமானம் பறப்பதைப் பார்த்து, வாய்ப்புக் கிடைத்தால் தானும் ஓட்டுவேன் என்கிறான். கிடைப்பது டால்டன் என்ற பணக்காரர் வீட்டில் கார் ஓட்டும் வேலை. டால்டன் தர்மவான். கறுப்பர் கல்விக்கு அள்ளிக் கொடுக்கிறார். பையன்களுக்கு மேசைப்பந்து விளையாட மேசை வாங்கித் தருகிறார். பெருச்சாளி ஓடும் அந்த அறை யாருக்குச் சொந்தம்? சுற்றி வளைத்துப் பார்த்தால் டால்டனுடைய கம்பெனிக்குத்தான்! கறுப்பர்களுக்கு அந்த ஒரு பகுதியில் மட்டுமே வீடு. அதற்கும் வாடகை கூடுதல். 'தென்னாட்டாருக்கு வீடில்லை' என்று கேட்ட நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

டால்டன் மகளின் கொலை பயத்தில் நடக்கிறது. வெள்ளைக்காரப் பெண்ணின் படுக்கையறையில் அகப்பட்டுக்கொள்வோமே என்ற பயத்தில் அவள் முகத்தைத் தலையணையால் அழுத்துகிறான். அடுத்தது அப்படி அல்ல. தன்னை நம்பி வந்த பெஸ்ஸியை, தன் இனத்துப் பெண்ணை, கெடுத்துப் பின் கொல்கிறான். இங்கே நம் மகளிர் பிரிவுத் தோழி ஒருவர் கேட்ட கேள்விக்கு நாங்கள் தலை குனிந்தோம். நீதிமன்றம் பெஸ்ஸியின் உடலைக் கொண்டுவந்து காட்டுவது எதற்கு? வெள்ளைக்காரப் பெண்ணைக் கொன்றதற்குச் சாட்சியாக! "அப்ப இந்தக் கதையில வெளியாள் யாரு, பிக்கரா பெஸ்ஸியா?" என்றார் தோழி. கடற்கரையில் கிடந்த அரபு மனிதனோடு பெஸ்ஸியையும் சேர்த்து வைக்க வேண்டியிருக்கிறது. 'வெளியாள்' என்று புத்தக அட்டையில் பெயர் வாங்குபவனுக்கும் கீழே ஒரு வெளியாள் கிடக்கிறார்.

மூன்று பேரும் சாகிறார்கள். ஒருவன் ஊர் எதிர்பார்த்த வார்த்தையைச் சொல்லாததால். ஒருவன் சம்பாதிக்க முடியாமல் போனதால். ஒருவன் பிறப்பதற்கு முன்பே அவனுக்கு எல்லை போட்டுவிட்டதால். ஒன்றுபோல் தோன்றும், ஒன்றல்ல. மெர்சோ அழுதிருந்தால் பிழைத்திருக்கவும் கூடும். கிரகோரும் பிக்கரும் எவ்வளவு அழுதாலும் ஒன்றும் மாறியிருக்காது. ஒட்டாமல் இருப்பது ஒன்று, ஒட்ட விடாமல் வைப்பது வேறு.

சங்கம் நடத்துகிறவர்களுக்கு உறுத்தும் ஒரு இடத்தையும் சொல்ல வேண்டும். 'நேட்டிவ் சன்' நாவலில் ஜான் என்ற கம்யூனிஸ்ட் இளைஞன் வருகிறான், நல்லவன். டால்டன் மகளும் அவனுமாகப் பிக்கரின் கையைப் பிடித்துக் குலுக்கி, அவர்கள் பகுதிச் சாப்பாட்டுக் கடைக்கே அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்கிறார்கள். பிக்கர் கூசிப்போகிறான், உள்ளுக்குள் வெறுக்கிறான். அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை அவர்களுக்கு. கடைசிக் காட்சியில், அவனுக்காக மணிக்கணக்கில் வாதாடிய வக்கீல் மாக்ஸும், அவன் தன்னைப் பற்றிச் சொல்வதைக் கேட்டு மிரண்டுபோகிறார். ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கும் பையன் தோளில் கையைப் போட்டு, 'தோழர்' என்று ரசீதுப் புத்தகத்தை நீட்டும் நாமும் இதைத்தான் செய்திருக்கிறோம். சங்கமும் ஒட்டவில்லை என்று அந்தத் தம்பி சொன்னாரே, அதில் நம் பங்கு எவ்வளவு என்று நாங்கள் பேசாமல் இல்லை.

தம்பியிடம் நாங்கள் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: நீங்கள் மெர்சோ இல்லை என்று எங்களுக்குப் படுகிறது. அவனுக்குத் தாயார் வயது கூடத் தெரியாது. நீங்கள் அப்பாவின் இட்லி அண்டாவை அதிகாலையில் சைக்கிளில் ஏற்றிக் கட்டிக்கொடுத்துவிட்டுத்தான் படிப்பகத்துக்கு வருகிறீர்கள் என்று இப்போதுதான் கேள்விப்பட்டோம். இது தவறாகவும் இருக்கலாம். இரண்டு மாதமாக அந்தப் புத்தகத்தை அவர் மூன்று தடவை படித்திருக்கிறார். நாங்கள் ஒரு தடவைதான். அதோ, கதவோரம் நிற்கிறார். மறுத்துப் பேச வேண்டும் என்று நேற்றே கேட்டு வைத்திருக்கிறார். ஒலிபெருக்கியை அவரிடம் கொடுங்கள் தோழர்.