வண்டி நின்றாலும் ஓடுகிற செலவு

(புதிதாக வந்தவர்களுக்கான வேலைவாய்ப்புக் கூட்டம் ஒன்றில், ஒன்ராறியோவில் சொந்த ட்ரக் ஓட்டும் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



வேலை அனுமதிப் பத்திரம் கையில் கிடைத்தவுடன் கனபேர் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணை, சொந்தமா ட்ரக் எடுத்து ஓடலாமோ?" ஓடலாம். முதலில் ஏ-ஸெட் லைசன்ஸ் வேணும். அதற்கு 2017 யூலையில் இருந்து குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி கட்டாயம். அதையும் முடித்து, கொஞ்சக் காலம் சம்பளத்துக்கு ஓடிப் பழகினவருக்குத்தான் நான் இன்றைக்குச் சொல்லப் போகிற கணக்கு.

ஒரு கொம்பனி உங்களைக் கூப்பிட்டு, "முற்பணம் வேண்டாம், ட்ரக்கை லீசுக்குத் தாறம், லோட்டோடு ஓடுகிற கிலோமீற்றருக்கு 1.80 டொலர், மாதம் 18,000 டொலர் வரும்" என்று சொல்லும். அது பொய்யாக இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் அந்த 18,000 உங்கட சம்பளம் இல்லை.

செலவு இரண்டு வகை. வண்டி ஓடினாலும் நின்றாலும் கட்ட வேண்டியது நிலையான செலவு: லீஸ் தவணை, காப்புறுதி, நம்பர் பிளேட், வண்டி விடும் யார்ட்டின் வாடகை, கணக்காளருக்குக் கொடுக்கும் காசு. ஓடினால் மட்டும் வருவது மாறும் செலவு: டீசல், டயர், ஒயில், திருத்த வேலை.

கணக்கு விளங்குவதற்காக நானாக எடுத்த எண்களைச் சொல்லுறன், உங்கட எண்களைப் போட்டுப் பாருங்கோ. தவணை 3,000, காப்புறுதி 1,500, மற்றதெல்லாம் 700. மாதம் 5,200 டொலர். டீசல் 100 கிலோமீற்றருக்கு 38 லீற்றர், லீற்றர் 1.60 என்றால், கிலோமீற்றருக்கு 61 சதம். டயருக்கும் திருத்தத்துக்கும் 17 சதம் ஒதுக்கினால், மொத்தம் 78 சதம்.

மாதம் 12,000 கிலோமீற்றர் ஓடி, அதில் 10,000 லோட்டோடு என்றால் வருமானம் 18,000. செலவு 14,560. மிச்சம் 3,440 டொலர். வரியும் சாப்பாடும் இனித்தான்.

இப்ப அதே மாதத்தில் ஒரு கிழமை வண்டி கராஜில், அகதி விசாரணைக்கும் வழக்கறிஞரைச் சந்திக்கவும் இரண்டு நாள் லீவு என்று வையுங்கோ. ஓடினது 8,000, லோட்டோடு 6,500. வருமானம் 11,700. செலவு 11,440. கையில் 260 டொலர்! ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, மிச்சம் ஏறக்குறைய முழுதாய்ப் போய்விட்டது. 5,200 அசையாமல் நின்றதுதான் காரணம். 12,000 ஓடும்போது அது கிலோமீற்றருக்கு 43 சதம், 8,000 ஓடும்போது 65 சதம்.

"அப்ப கூட ஓடுவம்" என்று நினைக்கிறியள். ரொறன்ரோவில் இருந்து மொன்றியல் ஒரு வழி 540 கிலோமீற்றர் அளவு. 12,000க்குக் கிட்ட வரவே மாதம் 11 தரம் போய்வர வேணும். நாளுக்கு 13 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டவும் சட்டம் விடாது. பொதுவான முறையில் 7 நாளில் 70 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம், லோட் ஏற்றக் காத்து நிற்கிற நேரமும் கனநேரம் அதுக்குள்ளதான் சேரும். அமெரிக்க ஓட்டத்தை யோசிக்கவே வேண்டாம். அகதிக் கோரிக்கை முடியாமல் எல்லை தாண்டினால் வழக்கையே பாதிக்கும்.

மாறும் செலவில் உங்கட கை கொஞ்சம் இருக்குது. ஒன்ராறியோவில் ட்ரக்கின் வேகத்தை 105க்கு மேல் போகாமல் கட்டிவைக்க வேணும். 95இல் ஓடினால் டீசல் நல்லாய் மிஞ்சும். என்ஜினை ஓடவிட்டு நித்திரை கொண்டால் மணிக்கு 3 லீற்றர் அளவு போகும், 10 மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 48 டொலர். குளிர்காலத்தில் ஒரு சின்ன ஹீற்றர் பூட்டினால் அந்தக் காசு கெதியாய்த் திரும்பி வரும்.

நிலையான செலவைக் குறைக்கிற இடம் ஒன்றுதான்: ஒப்பம் வைக்கிற மேசை. வெறும் வண்டியாய் ஓடுகிற கிலோமீற்றருக்குக் காசு உண்டோ? காப்புறுதி யார் கட்டுறது? காசோலையில் என்னென்ன கழிப்பினம்? வண்டி பழுதாகி நிற்கும்போதும் தவணை கட்ட வேணுமோ? இடையில் விட்டால் கட்டின காசு என்னாகும்? வாயால் சொன்னதை எழுத்தில் கேளுங்கோ. ஆங்கிலம் விளங்காவிட்டால் தாளை வீட்டுக்குக் கொண்டு வாங்கோ. கொண்டுபோக விடாத கொம்பனியை நான் நம்ப மாட்டன்.

இன்னொன்று. வண்டியும் டீசலும் லோட்டும் கொம்பனியின்ரது, ஆனால் உங்களை ஒரு நிறுவனம் பதிந்து காசு வாங்கச் சொன்னால், நீங்கள் சொந்தக்காரரும் இல்லை, ஊழியருக்குரிய விடுமுறைச் சம்பளமும் வேலையிழப்புக் காப்புறுதியும் இல்லை. மாகாணம் கடந்து ஓடும் கொம்பனிகளில் ஊழியரை இப்படி மாற்றிக் காட்டுவதை மத்திய தொழிற்சட்டம் 2021 முதல் தடுக்குது.

சொந்தத் தொழில் என்றால் ஓய்வூதியத் திட்டத்துக்கு இரண்டு பங்கும் நீங்கள்தான் கட்ட வேணும். அதையும் வருமான வரியையும் வேறு கணக்கில் போட்டு வையுங்கோ. டயருக்கு ஒதுக்கிற 17 சதமும் அப்படித்தான். வண்டியும் ட்ரெயிலரும் சேர்ந்தால் 18 டயர், எது எப்ப போகும் என்று சொல்லேலாது.

லீஸ் தாள் கையோடு கொண்டு வந்த தம்பிமார் இரண்டு பேர் பின்னுக்கு இருக்கினம். முன்னுக்கு வாங்கோ, உங்கட எண்களையே இந்தப் பலகையில் போட்டுப் பாப்பம்.